முருகன் குடிக்காத கரண்ட்

"ஏசி ரூம்ல உக்காந்து ஹலோன்னு சொல்றவளுக்கு, வண்டியில எது பிளஸ் எது மைனஸ்னு தெரியுமா?"

கேட்டது என் மாமா, அம்மாவின் தம்பி. என்னிடம்கூடக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனே ஆகுர்டியில் எங்கள் சந்தில், டீ தம்ளரும் கையுமாக அப்பாவின் வேனில் சாய்ந்துகொண்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பற்றி யாராவது இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அப்பா சும்மா இருக்க மாட்டார். அன்று தம்ளரின் அடியில் நின்ற டீயைச் சுழற்றிக்கொண்டு பேசாமல் இருந்தார். மாமா சொன்னதைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல் சுமக்க இங்கே வந்து, டிரைவிங் பழகி, வேன் வாங்கியவர். எண்களைப் படிப்பார், எழுத்தைப் படிக்க மாட்டார். அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. நான் மாநகராட்சி மராத்திப் பள்ளியில் படித்து, எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்தேன். தமிழ் எழுத்தை நானே கற்றுக்கொண்டேன். அந்தச் சமயத்தில் மகர்பட்டாவில் ஓர் ஆபீசில் வேலை. யாருக்காவது இன்டர்நெட் வரவில்லை என்றால் போனில் என்னிடம் கோபப்படுவார்கள். மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். மாமா சொன்ன ஹலோ அதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். புனேயில் பிள்ளைகள் வேன்காரரைக் 'காகா' என்பார்கள். மராத்தியில் அது சித்தப்பா. எங்கள் வீட்டுக் காதில் அது காக்காவேதான். அமாவாசைக்கு அம்மா மதில்மேல் சோறு வைத்து "கா, கா" என்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து அப்பா "இதோ வந்துட்டேன்" என்பார். ஒவ்வோர் அமாவாசைக்கும் அதே ஜோக்தான். ஒவ்வோர் அமாவாசைக்கும் அம்மா சிரிப்பாள்.

அந்த வேன், தசரா லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து, திங்கட்கிழமையானால் கிளம்பவில்லை. மற்ற நாட்களில் முனகி முனகிக் கிளம்பிவிடும். திங்கட்கிழமை சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இருக்காது. பால் டெம்போக்காரரைக் கெஞ்சி அவர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு எழுப்புவதற்குள் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் முடிந்திருக்கும். பழைய பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டார் அப்பா. அடுத்த திங்கள் புதிதும் படுத்துக்கொண்டது. சார்ஜ் ஏறவில்லையோ என்று மெக்கானிக்கிடம் காட்டியதில் அதுவும் நன்றாகவே ஏறியது. பிள்ளைகளின் அம்மாக்கள் கூடிப் பேசி, இன்னொரு திங்கள் இப்படி ஆனால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

மாமா வந்தது அதற்காகத்தான். அவர் ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டுமாம். அங்கேயே தங்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். அப்பாவும் ஏறக்குறைய சரி என்றிருந்தார். "நாளைக்குக் காலையில வண்டி கிளம்பினா பாக்கலாம் மாப்ள. இல்லன்னா வித்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். காகா என்று கூப்பிட யாரும் இல்லாத ஊரில் போய் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கரண்ட் அளக்கும் என் காலேஜ் மல்டிமீட்டரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அதைப் பார்த்துத்தான் மாமா அப்படிக் கேட்டார்.

"கறுப்பு மைனஸ், சிவப்பு பிளஸ் மாமா" என்றேன். "கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

நிறுத்திவைத்த வண்டியும் கொஞ்சம் கரண்ட் குடிக்கத்தான் செய்யும். பள்ளி வேன் எங்கே போகிறது என்று காட்டும் ஜிபிஎஸ் டப்பா இருக்கிறது, அது தூங்காது. அதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் மாதிரி. எங்கள் வண்டியில் எதுவோ குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலைவரை குடித்தால் எந்தப் பேட்டரி தாங்கும்? எது என்று கண்டுபிடிக்க வழி எளிதுதான். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை வைத்துவிட்டால், போகிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். யார் வீட்டை விட்டு வெளியே போனாலும் வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதுபோல.

எங்கள் வேனில் முன் சீட்டைத் தூக்கினால் பேட்டரி. கதவு திறந்திருக்குமே, அதனால் கூரை விளக்கை முதலில் அணைத்துவிட்டேன். மீட்டரை வைத்தேன். ஓர் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. நிற்கிற வண்டிக்கு அது ரொம்ப அதிகம்.

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. கோளாறு இருக்கிறது என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தச் சந்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் காணாமல் போகிற மாதிரி இது காணாமல் போய்விடுமோ என்று பயந்திருந்தேன். போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து குடித்துக்கொண்டிருந்தது.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார். "முருகன்."

வேனின் முன்னால் ஒரு சின்ன முருகன் சிலை உண்டு. பின்னால் நீலமும் சிவப்புமாக ஒரு வட்ட விளக்கு. வண்டி நின்றாலும் அது எரியவேண்டும் என்று அம்மா சொன்னதால், சாவியோடு சம்பந்தமில்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து அப்பா ஒயர் இழுத்திருந்தார். மாமா அந்த ஒயரைப் பிடுங்கக் கை நீட்ட, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

"டேய் தம்பி, கைய எடு. அவரு வந்தப்புறம்தான் இந்த வண்டிக்கு பர்மிட்டே கெடச்சுது."

"கரண்ட் குடிக்கிறாரேக்கா."

"குடிச்சா குடிக்கட்டும். நீ குடிக்கிறதுக்கு அது தேவலாம்."

நான் அம்மாவிடம் ஒரே ஒரு நிமிடம் என்று அனுமதி வாங்கி, முருகனின் ஒயரைக் கழற்றினேன். மீட்டரின் கடைசி இலக்கம் மட்டும் லேசாக ஆடியது. திரும்பப் போட்டேன், திரும்ப ஆடியது. அவ்வளவுதான். முருகன் குடிப்பது சொட்டு மருந்து அளவுகூட இல்லை என்றேன். அம்மா தம்பியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

அடுத்து நடந்ததற்கு எங்கள் வீட்டுத் தமிழ்தான் காரணம். வெளியில் மராத்தியும் இந்தியும், வீட்டில் தமிழும் பேசிப் பேசி, எங்கள் வாயில் சில சொற்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதில் ஒன்று 'சாலு'. மராத்தியில் எது ஓடினாலும், எது எரிந்தாலும், எது நடந்தாலும் சாலு. விளக்கு சாலு, ஃபேன் சாலு, கடை சாலு, வண்டி சாலு. ஒரு ஆளைச் சாலு என்றால் மட்டும் அர்த்தம் வேறு: படு விவரமான ஆள், கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பழக வேண்டும் என்று பொருள்.

கூரை விளக்கு எவ்வளவு குடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தேன். அப்பா டிரைவர் சீட்டுப் பக்கம் நின்றிருந்தார். மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் சாலு பண்ணுப்பா" என்றேன்.

அப்பா சாலு பண்ணினார். விளக்கை அல்ல, வண்டியை. சாவியைத் திருப்பியதும் மீட்டருக்குள் டிக் என்று ஒரு சத்தம். எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் இழுக்கிற கரண்டைத் தாங்க இந்த மீட்டர் செய்யப்படவில்லை. அதற்குள் இருந்த சின்னக் கண்ணாடி ப்யூஸ் போய்விட்டது. திரையில் எல்லாம் பூஜ்யம்.

"கோளாறு சரியாயிடுச்சே" என்றார் மாமா, பூஜ்யத்தைப் பார்த்து. பிறகு விஷயம் புரிந்து, வேனின் பக்கவாட்டில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார்.

அந்த மாதிரி ப்யூஸ் டிவி ரிப்பேர் கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடிவிடுவார்கள். அப்பா ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே சொன்னார்: "மாப்ள கேட்டப்ப நான் ஒண்ணும் சொல்லலன்னு ஒனக்குக் கோவம்."

"இல்லப்பா."

"இருக்கு. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வண்டி போனா போவுது. நீ ஆசையா மீட்டரைத் தூக்கிட்டு வந்து, சரியாவலன்னா, ஒன் மூஞ்சி எப்படிப் போவும்னு நெனச்சேன். அதான் வாய் வரல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போ, சாலு பண்ணு" என்றேன். அவர் தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

ப்யூஸ் கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டேன், எங்கள் வீட்டு மொழியை நம்ப முடியாது என்பதால்.

திரும்பி வந்து, வேனின் சாவியை அம்மாவின் முந்தானையில் முடியச் சொல்லிவிட்டு, மறுபடி தொடங்கினேன். இந்த முறை வேனின் ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்துவிட்டு, திரும்பச் செருகினேன். எந்த ப்யூஸைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அதன் வழியில்தான் திருடன் இருக்கிறான். வைப்பருக்கு விழவில்லை. ஹெட்லைட்டுக்கு விழவில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு சிட்டிகை விழுந்தது. கூரை விளக்கின் ப்யூஸைப் பிடுங்கினேன், எண் தடாலென்று விழுந்தது.

ஆனால் கூரை விளக்கு அணைந்துதானே இருக்கிறது. அண்ணாந்து இன்னொருமுறை பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

"இந்த ப்யூஸ்லேந்து வேற எதுக்காவது ஒயர் எடுத்தியாப்பா?"

அப்பா யோசித்தார். முதலில் இல்லை என்றார். பிறகு மெதுவாக, "டிக்கி லைட்டு" என்றார்.

பிள்ளைகளின் பைகளைப் பின்னால் டிக்கியில்தான் போடுவார். குளிர்காலத்தில் விடியும்முன் இருட்டில் யார் பை எது என்று தெரியவில்லை என்று, டிக்கியின் ஓரத்தில் ஒரு பல்பு அவரே போட்டிருந்தார். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். மழைக்காலத்தில் பைகளை மூடும் தார்ப்பாயை மடித்து அதன் முன்னால் வைத்ததிலிருந்து அந்த விளக்கு எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது.

டிக்கிக் கதவைத் திறந்து, தார்ப்பாயை நகர்த்தினோம். விளக்கு எரிந்தது. "எரியுது பாத்தியா" என்றார் மாமா. திறந்தால் எரியத்தானே செய்யும் என்றேன். மூடினால் அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மூடிவிட்டால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும், திறந்தால் எரியும். மாமா தன்னை உள்ளே வைத்து மூடச் சொன்னார். அவர் உடம்புக்கு அது நடக்காது. நான் பல்பின் கண்ணாடியைத் தொட்டேன். கையை உடனே எடுத்துவிட்டேன். சுட்டது. கதவைத் திறந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. அரை நிமிடத்தில் இப்படிச் சுடாது. இது நாள்கணக்காக, கதவு மூடிய இருட்டில், யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

கதவு மூடியிருக்கிறது என்று விளக்குக்குச் சொல்வது கதவுச் சட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன பட்டன். விரல் நுனி அளவு உலோகக் கம்பி. கதவு வந்து அதை அழுத்தினால் விளக்கு அணையும். குனிந்து பார்த்தேன்.

பட்டனின் நுனியில் ஒரு பொட்டு இருந்தது.

சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்த, வட்டமான, அழகான பொட்டு. காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. ஆனால் ஓரம்கூட அழியவில்லை.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. அன்றிலிருந்து இந்தக் கதவு எத்தனையோ தடவை மூடியிருக்கும். ஒரு தடவையாவது கதவு இந்தப் பட்டனைத் தொட்டிருந்தால் குங்குமம் இழுபட்டிருக்கும். இழுபடவில்லை. கதவு பட்டனைத் தொடவே இல்லை.

"அம்மா, இங்க வா. இங்க பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் அம்மா பெருமையாக. "ஒரு எடம் விடலயே."

விட்டிருக்கவில்லைதான். ஸ்டியரிங், கியர், நாலு சக்கரம், ஸ்பேனர், ஜாக்கி, டிக்கிப் பூட்டு எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்திருந்தாள். இந்தப் பட்டன்மேல் கறுப்பாக, பிசுபிசு என்று ஒரு ரப்பர் குல்லா இருந்ததாம். சாமி கும்பிடுகிற வண்டியில் இதென்ன அழுக்கு என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த பளபளப்பான கம்பியைத் துடைத்து, அதற்கும் வைத்தாளாம்.

அந்த ரப்பர் குல்லா இருந்தால்தான் பட்டன் கதவுக்கு எட்டும்.

சொன்னதும் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒரு கணம் அழுதுவிடுவாளோ என்று பார்த்தேன். அதற்குப் பதில் சிரிக்க ஆரம்பித்தாள், நிற்க முடியாமல் பம்பரைப் பிடித்துக்கொண்டு. "முருகன் மேல பழியப் போட்டியேடா" என்று தம்பியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். ஏன் அவரை அடித்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நிச்சயப்படுத்த வேண்டும். அப்பாவை மீட்டர் முன்னால் உட்காரவைத்து, நான் பின்னால் போய்ப் பட்டனை விரலால் முழுதாக அழுத்தினேன். விளக்கு அணைந்தது. "படிப்பா" என்று கத்தினேன்.

முன்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி: "பூஜ்யம். புள்ளி. பூஜ்யம். மூணு."

அந்த மூணு முருகனும் ஜிபிஎஸ்ஸும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு மதியம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது. வேனின் சீட்டுகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பிள்ளைகளின் வேனில் எப்போதும் ஏதாவது கிடைக்கும். பாதி சாக்லேட், ஒற்றை சாக்ஸ், ஹேர்கிளிப், பிறகு ஸ்ட்ராபெரி வடிவத்தில், பென்சிலின் தலையில் மாட்டும் ஓர் அழிரப்பர். பட்டனில் மாட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பொட்டைத் துடைக்காமல் அதன்மேலேயே மாட்டினேன். அம்மாவும் அதைக் கவனித்தாள். பேட்டரியைக் கழற்றி, மாலைவரை சார்ஜரில் போட்டுத் திரும்பப் பூட்டினோம். மாமா ரஞ்சன்காவுக்குத் திரும்பாமல், முடிவு பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நாலு பேரும் சந்தில் நின்றோம். நல்ல குளிர். பால் டெம்போக்காரர் தானாகவே ஒயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பாவம். அம்மா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"சாலு பண்ணவா?"

"இப்ப பண்ணு."

முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. முனகல்கூட இல்லை. டெம்போக்காரர் தன் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார். மாமா அப்பாவின் ஜன்னல் பக்கம் குனிந்து, "ஒங்க பொண்ணு சரியான சாலு" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பட்டம். அங்கேயே நின்று, கம்பெனி ஆளுக்குப் போன் செய்து, வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்பா அன்று எல்லாப் பிள்ளைகளையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மத்தியானம் வந்து சொன்னார்: பையை எடுக்க டிக்கியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெண், "காகா, அது என் ரப்பர்" என்று கண்டுபிடித்துவிட்டதாம். அது இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்று அப்பா சொல்ல, அவள் யோசித்து, அப்படியானால் வண்டி வைத்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனது செய்திருக்கிறாள். பிறகு சரியான குல்லா வாங்கினோம். ஆனால் அப்பா மாற்றவில்லை. ஸ்ட்ராபெரிதான் இன்னும் இருக்கிறது. வாங்கிய குல்லாவை அம்மா முருகன் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

பள்ளி வாசலில் காத்திருக்கும் மற்ற வேன்காரர்களிடம் அப்பா கதையை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அடுத்த ஞாயிறு இரண்டு வேன்கள் எங்கள் சந்தில் வந்து நின்றன. ஒன்றில் பாட்டுப் பெட்டி தூங்காமல் கரண்ட் குடித்தது. இன்னொன்றில் ஏசிக்குக் கரண்ட் விடும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, கையெல்லாம் கறுப்பாகி, ஓர் எண் விழுவதற்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்பது திங்கட்கிழமை ஆபீசில் ஹெட்போனை மாட்டும்போதுதான் உறைத்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வதற்கா இவ்வளவு படித்தேன்?

வண்டிகளின் எலக்ட்ரிகல் கோளாறு மட்டும் பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அந்தப் பிரிவில் பெண்கள் யாரும் இல்லை. என்ன அனுபவம் என்று கேட்டார்கள். பொட்டு அழியாத கதையைச் சொன்னேன். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

அங்கே வேலை கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை மகர்பட்டா ஆபீசில் கழுத்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் பாதுகாப்பு ஷூவில் என் காலுக்குச் சின்ன அளவு இல்லை, வர நாளாகும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. ஆகுர்டிக் கடைவீதியில் தேடி, முனையில் இரும்பு வைத்த ஷூ ஒரு ஜோடி நானே வாங்கிவிட்டேன். இரண்டு நாளாக அதைப் போட்டுக்கொண்டுதான் சந்தில் மேலும் கீழும் நடக்கிறேன். குதிகாலில் கொஞ்சம் கடித்தது. இன்று கடிக்கவில்லை.